உக்காந்திருந்த பிள்ள

வாங்க மதினி, இங்கன உக்காருங்க. நீங்களே ஜன்னல் பக்கம் போயிருங்க, காத்து நல்லா வரும். எனக்குக் காத்து வந்தாலும் ஒண்ணுதான், வராட்டாலும் ஒண்ணுதான். ஏசிக்குள்ளயே நின்னு பழகின உடம்பு இது.

நீங்க ராஜபாளையமா? நான் சங்கரன்கோவில் வரைக்கும் போறேன். சொந்த ஊரு இல்ல, எனக்கு ஆலங்குளம் பக்கம். எங்க கடையில வேல பாத்த ஒரு பிள்ள சங்கரன்கோவில்ல இருக்கா. வடிவுன்னு பேரு. அவளக் கூட்டிட்டு வரச்சொல்லி முதலாளி அனுப்பியிருக்காரு. ஒருநாள் வேலைக்குத்தான். வேலன்னுகூடச் சொல்ல முடியாது, வந்து சும்மா உக்காந்திருக்கணும். அதுக்கு வருவாளா மாட்டாளான்னு தெரியல. அவ வராம நான் மட்டும் திரும்பிப் போனா என் எடத்துல டெய்சிய நிப்பாட்டிருவாங்க. டெய்சி யாருன்னா, எனக்கு அடுத்தபடியா இருக்கவ. அவளும் காத்துக்கிட்டுத்தான் கெடக்கா.

மதுரையில பெரிய ஜவுளிக்கட மதினி. பேரு எதுக்கு, நீங்களும் வந்திருப்பீங்க. நான் ரெண்டாவது மாடிக்கு இன்சார்ஜ். காட்டன், சில்க் காட்டன், பூனம், எல்லாம் என் பொறுப்பு. ஆவுடை அக்கான்னா கடைக்கே தெரியும். சின்ன வயசுல வந்தேன். கல்யாணமா? இல்ல மதினி. இந்தத் தீபாவளி சீசன் முடியட்டும், அடுத்த பொங்கல் சீசன் முடியட்டும்னு தள்ளிக்கிட்டே இருந்தேன். அப்படியே முடிஞ்சிட்டு.

அப்ப மாதிரி இல்ல இப்பம். அதச் சொல்லணும். நான் வந்த காலத்துல ஹாஸ்டல்ல ஒரு ஃபேனுக்கடியில அத்தன பேரும் படுத்துக் கெடப்போம். சாம்பார்ல முகம் பாத்துத் தல சீவலாம். இப்பம் வாரத்துக்கு ஒரு முட்ட உண்டு, லீவு உண்டு, பி.எஃப். உண்டு, ஈ.எஸ்.ஐ. கார்டு உண்டு. அப்பல்லாம் பாத்ரூம் போணும்னா சூப்பர்வைசர்கிட்ட கேக்கணும். இப்பம் கேக்க வேண்டாம், சொல்லிட்டுப் போனாப் போதும். எவ்வளவோ முன்னேறிட்டுல்லா? ஊரே முன்னேறும்போது கட மட்டும் அப்படியே இருக்குமா.

அப்படித்தான் ஸ்டூலும் வந்துது.

கவர்மெண்டுல சட்டம் போட்டுட்டாங்களாம், கடையில வேல பாக்குற ஆளுக உக்கார எடம் குடுக்கணும்னு. எங்க அண்ணாச்சி, அதான் முதலாளி, அவர நாங்க அண்ணாச்சின்னுதான் சொல்லுவோம், இன்சார்ஜ் அத்தன பேரையும் மேல ஆபீசுக்குக் கூப்பிட்டாரு. 'பிள்ளைங்க உக்காரட்டும். நான் வேண்டாம்னா சொல்லுதேன்? மகராசியா உக்காரட்டும். ஆனா உக்காந்திருக்கது கஸ்டமர் கண்ணுல படக்கூடாது. கஸ்டமர் இல்லாத நேரம் சும்மா உக்காரக்கூடாது, துணி மடிக்கணும், தூசி தட்டணும். மத்த நேரம் பூரா உக்காரட்டும்'னாரு. மத்த நேரம்னா எதுன்னு யாரும் கேக்கல. கேக்கதுக்கு என்ன இருக்கு, நல்ல மனுசன். வேற முதலாளின்னா ஸ்டூலே வாங்கியிருக்க மாட்டாரு.

ஸ்டூல் நல்ல ஸ்டூல்தான். ஸ்டீல் கால், மேல மெத்து மெத்துன்னு பஞ்சு. கவுண்டருக்குப் பொறத்தால வரிசையாப் போட்டோம். ஒருத்தியும் உக்காரல.

ஏன்னு கேளுங்க. எங்க மாடியில ஒரு வழக்கம். படியேறி ஒரு தல தெரிஞ்சதும் யாரு முதல்ல 'வாங்கம்மா, என்ன பாக்குறீங்க'ன்னு கூப்பிடுதாளோ, அந்த கஸ்டமர் அவளுக்கு. அவ விக்கதுக்குத்தான் இன்சென்டிவ். உக்காந்திருக்கவ முட்டியத் தூக்கி எந்திரிக்கதுக்குள்ள நிக்கவ கூப்பிட்டுருவா. அப்புறம் எவ உக்காருவா? கடேசியில அந்த ஸ்டூல்ல உக்காந்தது யாருன்னா, கஸ்டமரோட வீட்டுக்காரங்கதான். பொண்டாட்டி சேல எடுத்து முடிக்கதுக்குள்ள ஒரு தூக்கம் போட்டு எந்திரிச்சிருவாங்க. மேல ஏறி வந்ததும் ஆம்பளைங்க கண்ணு சேலயப் பாக்காது, ஸ்டூலத்தான் தேடும். நாங்களே எடுத்துப் போட்டுக் குடுப்போம். அதுல ஒண்ணும் தப்பில்லயே, அவங்க துட்டுலதான நாம சோறு திங்கோம்.

இந்த வடிவுதான் உக்காந்தா.

நல்ல பிள்ளதான் அவ. வேலையில சுறுசுறுப்பு. வீட்டுக்காரன் லோடு ஆட்டோ ஓட்டுதான், ஒரு பொம்பளப்பிள்ள படிக்குது, அதத் தங்கச்சி வீட்டுல விட்டுட்டு ஹாஸ்டல்ல இருந்தா. அவளுக்குக் கால்ல நரம்பு சுருட்டிக்கிட்டு. கணுக்காலு கருத்துப் போயி, சாயங்காலம் ஆனா செருப்புக்குள்ள கால் போவாது. ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கா. டாக்டரு, ஆபரேசன் பண்ணணும், அதுக்கு நாள் வரும், அதுவரைக்கும் நின்னுக்கிட்டே இருக்காத, நின்னா புண்ணாயிரும், புண்ணானா லேசுல ஆறாதுன்னு சொல்லிட்டாரு. வந்து எங்கிட்ட சொன்னா.

நான் என் சுடிதாரத் தூக்கிக் கால காமிச்சேன். 'இங்க பாருட்டி. ஒனக்கு மட்டுமா வந்திருக்கு? மரத்துப் போற வரைக்கும்தான் வலி. அதுக்கப்புறம் ஒண்ணுந் தெரியாது. நான் இல்ல?'ன்னேன். தைரியம் சொன்னேன். ஒரு அக்கா சொல்லுத மாதிரி சொன்னேன். எனக்கு நெசமாவே தெரியாது மதினி. அன்னைக்கு ஒருநாள் ரோட்டுல செருப்பு கழண்டு போச்சு, வெறுங்காலோட ஹாஸ்டல் வரைக்கும் வந்திருக்கேன். வாசல்ல ஒரு பிள்ள சொல்லித்தான் தெரியும்.

அவ கேக்கல. கஸ்டமர் வாராங்களோ இல்லையோ, நெனச்சா உக்காந்துருவா. நான் ஏசல. ஏசுத பழக்கமே எனக்குக் கெடையாது. 'என்ன வடிவு, களைச்சிட்டியா?'ன்னு கேப்பேன், அவ்வளவுதான். கொஞ்சம் சத்தமாக் கேப்பேன். எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க, அவ எந்திரிச்சிருவா. அப்புறம் நான்தான் யோசிச்சி அவள பிளவுஸ் பிட்டு பக்கம் மாத்தி விட்டேன். அங்கன கூட்டம் இருக்காது. ரெண்டு ரேக்குக்கு நடுவுல நெருக்கமான எடம், ஸ்டூல் போட முடியாது, ஆனா ரேக்குல சாஞ்சிக்கிட்டு நிக்கலாம். வேற எந்த இன்சார்ஜ் இப்படிப் பாத்துச் செய்வா, சொல்லுங்க.

அப்பம்தான் லேபர் ஆபீசர் வரப்போறாங்கன்னு தகவல் வந்துது. அண்ணாச்சி ஒரு கல்யாணத்துக்குக் கோயமுத்தூர் போயிருந்தாரு. போன்ல மேனேஜருக்குச் சொல்லிட்டாரு, நாளைக்கு எல்லாரும் உக்காந்திருக்கணும்னு. மறுநாள் கட திறக்க முந்தி நான் ஒரு ஒத்திகை பாத்தேன். எல்லாரும் ஸ்டூல்ல உக்காருங்கட்டின்னேன். உக்காந்தாளுக. உக்காந்ததும் கைய எங்க வைக்கதுன்னு ஒருத்திக்கும் தெரியல. ஒருத்தி மாரோட கட்டுதா, ஒருத்தி தொடைக்கடியில வைக்கா, ஒருத்தி தாலிக்கயித்தத் தடவிக்கிட்டே இருக்கா. டெய்சி சிரிக்க ஆரம்பிச்சா, மொத்த வரிசையும் சிரிச்சிட்டு. 'பள்ளிக்கூடத்துல உக்காந்த மாதிரி உக்காருங்க. ஆபீசரு வந்தா எந்திரிக்கக்கூடாது. கஸ்டமர் வந்தா எந்திரிக்கணும். வெளங்குச்சா?'ன்னேன். வெளங்கிச்சுக்கான்னாளுக.

அன்னைக்கு ஒருத்தி லீவு. வரிசையில ஒரு ஸ்டூல் காலியா இருந்துது. காலியா இருந்தா நல்லாருக்காதுன்னு வடிவ பிளவுஸ் பிட்டுல இருந்து கூப்பிட்டு உக்கார வச்சேன். நான்தான் உக்கார வச்சேன். உக்காந்ததும் அவ கண்ண மூடிட்டா, பாத்துக்கிடுங்க. தூங்கல. சும்மா மூடிட்டு இருந்தா.

ஆபீசருன்னா ஜீப்பு வரும், கூட ஆளு வரும், மேனேஜரு மாலையோட கீழ நிப்பாரு, கீழயிருந்து எனக்கு மிஸ்டு கால் வரும். இப்படித்தான் பேச்சு. ஆனா அந்தம்மா ஒத்தையில வந்துட்டாங்க. சின்ன வயசு, சாதாக் காட்டன் சேல, தோள்ல ஒரு துணிப்பை. படியில தல தெரிஞ்சதுதான் தாமசம், மொத்த வரிசையும் சடக்குன்னு எந்திரிச்சி, 'வாங்க மேடம், வாங்கக்கா, காட்டனா பாக்குறீங்க, புதுசு வந்திருக்கு, இங்கன வாங்க'ன்னு கூப்பாடு போடுதாளுக. ஆளுக்கொரு சேலய விரிச்சாச்சு. நானுந்தான் விரிச்சேன்.

அந்தம்மா சிரிச்சிக்கிட்டே, 'நான் சேலை எடுக்க வரலைங்க, தொழிலாளர் துறையில இருந்து வர்றேன்'னு கார்ட காமிச்சாங்க. அதக் கேட்டதும் மொத்த வரிசையும் பொத்துன்னு உக்காந்துட்டு! விரிச்ச சேலயோட உக்காந்துட்டாளுக மதினி. சோலி முடிஞ்சுதுன்னு நெனச்சேன்.

வரிசையில எந்திரிக்காம இருந்தது வடிவு ஒருத்திதான். அவளால எந்திரிக்க முடியல. அத்தன நாளு கழிச்சு உக்காந்த காலு, தூக்க வரல. அந்தம்மா நேரே அவகிட்ட போயி, 'நீங்க மட்டும் எழுந்திருக்கலையே?'ன்னாங்க. 'கால் வலி மேடம்'னா. 'தினமும் உக்கார விடுறாங்களா? பயப்படாம சொல்லுங்க'ன்னாங்க.

வடிவு என்னயப் பாத்தா. நான் எங்க பாத்தேன்னு தெரியல, எங்கயோ பாத்துக்கிட்டு நின்னேன்.

'உக்காருவோம் மேடம். எங்க அக்கா எங்கள நிக்கவே விட மாட்டாங்க'ன்னா.

அந்தம்மா அவ தோள்ல தட்டிக் குடுத்தாங்க. அவ பேரக் கேட்டாங்க. எனக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு மேனேஜர் ரூமுக்குக் கீழ எறங்கிட்டாங்க. தப்பிச்சோம்னு நான் மூச்சு விடுதேன், கவுண்டர் போன் அடிக்கி. அண்ணாச்சி.

அவரு எங்க இருந்தாலும் கேமராவ செல்போன்ல பாத்துக்கிட்டே இருப்பாரு. கல்யாண வீட்டுலயும் பாத்திருக்காரு. படம் தெரியும், சத்தம் கேக்காது. 'ஒரு கஸ்டமர் ஏறி வாராங்க, எல்லாரும் எந்திரிச்சாச்சு. ஒருத்தி மட்டும் ராணி கணக்கா உக்காந்திருக்கா. அந்தம்மாவே பக்கத்துல போயி நின்னு பேசுதாங்க, அப்பவும் எந்திரிக்கல. யாரு அவ? இன்னைக்கே கணக்க முடிச்சி அனுப்பு'ன்னாரு.

நான் 'சரி அண்ணாச்சி'ன்னேன்.

வந்தது ஆபீசருன்னு சொல்லியிருக்கலாம். ஆனா அவரு பேசும்போது ஊடால பேசிப் பழக்கம் இல்ல எனக்கு. எந்தக் காலத்துலயும் பேசினதில்ல. அதுக்குள்ள அவரு போன வச்சிட்டாரு. முதலாளிக்குத் திரும்ப நாமளா போன் போட முடியுமா?

சாயங்காலம் மேனேஜர் மூலமா அண்ணாச்சிக்கு விசயம் தெரிஞ்சிட்டு. ஆபீசரம்மா நல்லபடியா சொல்லிட்டுப் போனதும் தெரிஞ்சிட்டு. சரி, வடிவ இருக்கச் சொல்லுவாருன்னு நெனச்சேன். அவரு என்ன சொன்னாருன்னா, 'ஆபீசரா இருக்கப்போயி சரியாப் போச்சு. கஸ்டமரா இருந்திருந்தா?'ன்னாரு. அதுவும் நியாயந்தான?

ஹாஸ்டல்ல வடிவு பெட்டியில துணிய வச்சிக்கிட்டு இருந்தா. அழல. 'அக்கா, நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. நீங்க உக்காருன்னு சொல்லித்தான உக்காந்தேன். ஆபரேசனுக்கு இப்பதான் வரச்சொல்லியிருக்காங்க. வேல போயிட்டா கார்டு செல்லுமோ செல்லாதோ தெரியல. அது ஒண்ணு மட்டும் முடியட்டும், நானே போயிருதேன்'னா. பாக்கலாம்டின்னேன். பாக்கலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள ஆடித் தள்ளுபடி வந்துட்டு. ஆடி வந்துட்டா ஆளு யாரு கட யாருன்னே தெரியாது மதினி. அப்புறம் அவளுக்கு ரெண்டு மூணு தடவ போன் போட்டேன், எடுக்கல. எனக்கு அது வருத்தந்தான். அவளுக்கு நான் என்ன கெடுதல் பண்ணினேன்? போற அன்னைக்கு எனக்கு அழுகை வரும்னு பாத்தேன். வரல. பஸ்ஸுல ஏத்தி விட்டுட்டு வந்து சோறு சாப்பிட்டேன்.

இப்பம் என்ன ஆச்சின்னா, அந்த ஆபீசரம்மா மத்த கட முதலாளிகளையெல்லாம் எங்க கடைக்குக் கூட்டிட்டு வாராங்களாம். ஒரு கட எப்படி இருக்கணும்னு காமிக்கதுக்கு. அண்ணாச்சிக்குத் தல கால் புரியல, வாசல்ல பந்தலே போடச் சொல்லிட்டாரு. அந்தம்மா போன்ல ஒண்ணே ஒண்ணு கேட்டிருக்காங்க. 'அன்னைக்கு உக்காந்திருந்த பொண்ணு, வடிவு, அவங்க இருப்பாங்கல்ல? அவங்களையே பேசச் சொல்லலாம்'னு.

அண்ணாச்சி என்னயக் கூப்பிட்டு, 'எங்க அந்தப் பிள்ள?'ன்னாரு. அனுப்பியாச்சு அண்ணாச்சின்னேன். 'யாரக் கேட்டு அனுப்புன?'ன்னாரு. எல்லாரும் நிக்காங்க, மேனேஜர், டெய்சி, எல்லாரும். நான் என்ன சொல்ல? 'தப்புதான் அண்ணாச்சி'ன்னேன். டெய்சி சொல்லுதா, வேணும்னா நான் உக்காருதேன்னு. கொழுப்பப் பாத்தீங்களா? மொகம் தெரியுமில்லா அந்தம்மாவுக்கு! 'போயி அவளக் கூட்டிட்டு வா. இல்லன்னா அங்கனயே இருந்துக்கோ'ன்னுட்டாரு அண்ணாச்சி.

நேத்து சாயங்காலம் மேனேஜர் போன்ல இருந்து பேசினேன். வேற நம்பர்ங்கவும் எடுத்துட்டா. கொரல்ல கோவம் ஒண்ணும் இல்ல. சாதாரணமாத்தான் பேசினா. எப்படி இருக்கட்டின்னேன். 'இருக்கேங்க்கா'ன்னா. விசயத்தச் சொன்னேன். ஒருநாள்தான், போக வர கார்கூட அனுப்புவாங்க, நீ ஒண்ணும் செய்ய வேண்டாம், ஸ்டூல்ல உக்காந்து அன்னைக்குச் சொன்னதையே சொன்னாப் போதும்னேன்.

'என்னால வர முடியாதுக்கா. புண்ணாயிட்டு. கட்டுப் போட்டிருக்கு, நிக்க முடியல. சுவத்தப் பிடிச்சித்தான் நடக்கேன்'னா.

'ஏ கோட்டி, ஒன்ன யாரு நிக்கச் சொன்னா? உக்காரத்தான கூப்பிடுதேன்'னேன்.

அவ போன வைக்கல. நானும் வைக்கல. அந்தப் பக்கம் குழாயில தண்ணி விழுத சத்தம் கேக்கு. அப்புறம், 'என் எடத்துல நீங்க உக்காருங்கக்கா'ன்னு சொல்லிட்டு வச்சிட்டா.

ஒரு இன்சார்ஜப் பாத்துச் சொல்லுத பேச்சா மதினி இது? நான் உக்காந்துட்டா மாடிய யாரு பாக்க?

இருந்தாலும் நேர்ல போனா வருவா. வடிவு அப்படிப்பட்ட பிள்ள இல்ல. யூனிபார்ம் சுடிதார் அவளுக்கு வேண்டாம், கட்டு வெளிய தெரியும். அதான் காலையில நானே தேடிப் பாத்து அவளுக்குன்னு ஒரு சேல எடுத்து வச்சிருக்கேன். நல்ல அகலம், நல்ல கனம். ஸ்டூல்ல உக்காந்து கீழ வரைக்கும் எறக்கி விட்டுட்டா, காலு இருக்கதே தெரியாது.